எக்ஸ் அண்ணி

கத்தாதே. திருடன் இல்ல, நான்தான். லைட்டைப் போடு. சுவிட்ச் எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?

ஆமா, பூட்டின வீட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கேன். எப்படி வந்தேன்னு அப்புறம் கேளு. பேயா மாறி சுவரு வழியா வந்துட்டேன்னு வச்சுக்கயேன். உன் பொண்டாட்டிகிட்ட அப்படியே சொல்லு, உடனே நம்பிடுவா.

தேடு, நல்லாத் தேடு. ரூம்ல இல்லையா? பாத்ரூம்ல? கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துடு, எழுபது வயசு தாண்டின அம்மா உன்கூட கண்ணாமூச்சி ஆடறாங்களோ என்னவோ.

மூச்சு வாங்குது பாரு உனக்கு. பையை இறக்கி வச்சுட்டு உக்காரு. உங்கம்மா உயிரோட இருக்காங்க, நல்லா இருக்காங்க, சாப்பிட்டாச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இப்ப என் வாயிலேர்ந்து வராது.

போனை எதுக்கு எடுக்கறே? போலீசுக்கா? தாராளமாப் பண்ணு. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன். எங்கம்மாவைக் காணோம்னு சொல்லு. எப்படிங்க காணாம போனாங்கன்னு கேப்பாங்க, அதுக்கும் ஒரு பதிலை ரெடி பண்ணி வச்சுக்க.

என்ன, கீழ வச்சுட்டே?

சரி. அப்ப உக்காரு. நீ அங்க, நான் இங்க, நடுவுல இந்த மேஜை. அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தோம், ஞாபகம் இருக்கா? உன் லாப்டாப் மட்டும்தான் இப்ப இல்ல. அன்னைக்கு நீ பேசினே, நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டேன். இன்னைக்கு நான் பேசறேன், நீ பொத்திக்க.

அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்கன்னுதான் ஆரம்பிச்சே. அப்படி ஆரம்பிச்ச எந்தப் பேச்சாவது நல்லா முடிஞ்சு நீ பாத்திருக்கியா? அப்புறம் படத்தைத் திருப்பிக் காமிச்சே. கீழ படுத்திருக்கிற கோடு எக்ஸ், அதாவது அண்ணி நீங்க ஒரு நாளைக்கு இந்த வீட்ல எவ்வளவு நேரம் இருந்தீங்கங்கறது. நிமிந்து நிக்கற கோடு ஒய், அன்னைக்கு சாயங்காலம் அம்மாவோட பிரஷர். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு புள்ளி. கொசுக் கூட்டமாட்டம் இருந்துச்சு. எல்லாக் கொசுவும் இடது பக்கம் கீழேர்ந்து வலது பக்கம் மேல பாத்துப் பறக்குது. நடுவுல நீ சிவப்புல ஒரு கோடு இழுத்து வச்சிருந்தே. எல்லாப் புள்ளிக்கும் முடிஞ்ச வரைக்கும் பக்கத்துல போற கோடு இதுதான் அண்ணி, இதைவிடப் பக்கமா வேற கோடு போட முடியாதுன்னே. ரொம்பப் பெருமை உனக்கு, அந்தக் கோட்டை நீயே பெத்த மாதிரி.

நீங்க ஒரு மணி நேரம் இருந்தா அம்மாவுக்கு ஒன்பது ஏறுது. ரெண்டு மணி நேரம் இருந்தா பதினெட்டுன்னே. இப்படியே கணக்குப் போட்டா நான் இங்க ஒரு வாரம் தங்கினா உங்கம்மா மண்டை வெடிச்சு கூரையில ஒட்டிக்கணுமேன்னு கேட்டேன். அப்படி எல்லாம் கோட்டை இழுத்துக்கிட்டே போகக் கூடாதுன்னே. எங்க நிறுத்தணுமோ அங்க மட்டும் ஒழுங்கா நிறுத்தத் தெரியுது.

இரு, இன்னும் முடியல. அதுக்கு ஒரு நம்பர் வேற. சம்பந்தமே இல்லேன்னா பூஜ்யம், அச்சுல வாத்த மாதிரி ஒட்டிக்கிட்டே போனா ஒண்ணு, நம்மளுது பாயிண்ட் எட்டு அண்ணி, ரொம்ப அதிகம்னே. இதுக்குத் தமிழ்ல என்னன்னு நான்தான் மடச்சி மாதிரி கேட்டேன். ஒட்டுறவுன்னே. உங்கண்ணன் செத்துப்போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லேன்னு உன் பொண்டாட்டி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நீ என்னடான்னா ரெண்டையும் சேத்து எழுதி, அதுல எனக்குப் பாயிண்ட் எட்டு மார்க்கும் போட்டு, வெளிய அனுப்பிட்டே.

முறைக்காதே. நீ டவுசர் போட்டுக்கிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்கறப்ப நான் இந்த வீட்டுக்கு வந்தவ. உன் முறைப்புக்கெல்லாம் பழகினவ.

அப்புறம் கையை நீட்டினே. சாவியைக் குடுத்துடுங்க அண்ணி, கொஞ்ச நாளைக்கு, அம்மா நல்லதுக்குத்தான்னே. உங்கண்ணன் என் கையில குடுத்த சாவி அது. நான் வேலை பாக்கற மருந்துக் கடைச் சாவி, என் வீட்டுச் சாவி, இது, எல்லாம் ஒரே வளையத்துல. நகம் உடைஞ்சுது அதைக் கழட்டறதுக்குள்ள. நீ உதவி கூடப் பண்ணல, நல்ல புள்ளையாட்டம் ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னே.

சண்டை போட்டிருக்கலாமேன்னு கேக்கறியா? எதை வச்சுப் போடறது? என்னைத் திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். நீ கோடு போட்டுக் காமிக்கறே. கோட்டைப் பாத்து எப்படித் திட்டறது? நான் வந்த நாள்லதான் பிரஷர் ஏறியிருக்கு, அது பொய் இல்லையே. நான்தான் அவங்களை ஏதோ பண்றேன் போலன்னு நினைச்சேன். என்னைப் பாத்தா பெரிய புள்ளை ஞாபகம் வந்துடுதோ, அதனால ஏறுதோன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய் கண்ணாடியில என் மூஞ்சியை நானே பாத்துக்கிட்டு நின்னேன், தெரியுமா உனக்கு?

அது கூடப் பரவால்ல. கிளாஸ்ல கொண்டுபோய் காமிச்சே பாரு.

தெரியாதுன்னு நினைச்சியா? நீ பாடம் எடுக்கற காலேஜ் பொண்ணு ஒருத்தி தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தா. என் மூஞ்சியையே பாக்கறா. நீ ஒருதடவை கடையில வந்து அண்ணின்னு கூப்பிட்டதைப் பாத்திருக்கா. அப்ப நீங்கதானா எக்ஸ் அண்ணி அப்படிங்கறா. மாத்திரை எண்ணிக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுபோச்சு. எக்ஸ் அண்ணியா, அது யாரும்மான்னேன். சார் போர்டுல படம் போட்டாரு, எக்ஸ் வந்து அண்ணி, ஒய் வந்து அம்மா, கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சோம்ங்கறா. இப்ப ஹாஸ்டல்ல யாருக்காவது தலை வலிச்சா, என்னடி எக்ஸ் அண்ணி வந்துட்டுப் போனாங்களான்னு கேட்டுக்கறாங்களாம். பாவம், அவ மேல தப்பு இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன். சில்லறை பாக்கியைக் கையில குடுத்து அனுப்பிட்டு, உள்ள ஸ்டோர் ரூமுக்குப் போய் அட்டைப் பெட்டி மேல உக்காந்துட்டேன்.

பேர் சொல்லலையா? ஓ, பேர் சொல்லல. ரொம்ப நாகரிகம். நீ பேர் சொல்லாம விட்டதாலதான் எனக்கு எக்ஸ்னு பேர் வந்துச்சு.

இன்னொண்ணும் சொன்னா அந்தப் பொண்ணு. ரெண்டு விஷயம் சேந்து ஏறினா ஒண்ணாலதான் இன்னொண்ணு ஏறுதுன்னு சொல்லிட முடியாது, பின்னாடி மூணாவதா ஒண்ணு நின்னுக்கிட்டு ரெண்டையும் தூக்கிவிடலாம்னு அடுத்த வாரமே நீ பாடம் எடுத்தியாமே? குடையும் இருமல் மருந்தும் சேந்து விக்குது, அதுக்காகக் குடை பிடிச்சா இருமல் வரும்னு அர்த்தமா, மழைன்னு ஒண்ணு இருக்கு பாருங்கன்னு சொன்னியாமே? அந்த உதாரணம் எங்கேர்ந்து கிடைச்சுது உனக்கு? என் கடையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டுப் பாத்தது. பக்கத்துக் கடைக்காரரு மழை மாசத்துல குடையை எடுத்து வெளிய தொங்கவிடுவாரு, அன்னைக்கு எனக்கு இருமல் மருந்து தீந்துடும். நான் என்னைக்காவது போய் அவர் குடையைப் புடுங்கினேனா? என் சாவியை மட்டும் நீ புடுங்கிக்கிட்டே.

தெரியாத ஆளு பண்ணியிருந்தா விட்டுடலாம். பாடமே எடுக்கற ஆளு.

சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தப் படத்துல ஒரே ஒரு புள்ளி தனியா கீழ கிடந்துச்சு. நான் நாள் பூரா இருந்த நாள், பிரஷர் பாத்தா எல்லாத்தையும்விடக் கம்மி. இது என்னப்பான்னு கேட்டேன். அது விலகின புள்ளி அண்ணி, மெஷின்ல பேட்டரி வீக்கா இருந்திருக்கும், எடுத்துடலாம்னு ஒரு தட்டு தட்டினே. புள்ளி போச்சு, கோடு இன்னும் நிமிந்துக்கிச்சு. அது என்ன நாள்னு யோசிச்சியா? உன் பொண்டாட்டி லீவு போட்டுட்டு வீட்ல இருந்த நாள். அத்தை என்னையும் தைக்கக் கூப்பிட்டாங்க, நாங்க மூணு பேரும் பழைய துணியெல்லாம் கிழிச்சு தலகாணி உறை தச்சோம். உன் பொண்டாட்டி ஒரு உறையைத் தலைகீழாத் தச்சுட்டா, அத்தை கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. இருட்டின பிறகுதான் நான் கிளம்பினேன். பேட்டரியாம் பேட்டரி.

அம்மா எங்க, அம்மா எங்கன்னு சும்மா அனத்தாதே. நான் இங்க வராம இருந்த நாள்ல எல்லாம் உனக்கு அவங்க எங்கேன்னு தெரியுமில்ல, இப்ப ஒரு அரை மணி நேரம் தெரியாம இரு.

சாவியை வாங்கினே. எக்ஸ் பூஜ்யம் ஆயிடுச்சு. உன் கோட்டுப் பிரகாரம் உங்கம்மாவுக்கு நூத்தி இருபத்தெட்டுல வந்து நிக்கணும், அந்த இடத்தை விரலால தொட்டுக் காமிச்சே. நின்னுச்சா? சொல்லேன். மெஷினை எடுத்து உள்ள வச்சுட்டியாமே. நூத்தி எழுபது, நூத்தி எண்பதுன்னு வந்ததும் புள்ளி வைக்கறதையே நிறுத்திட்டியாமே. உப்பு ஜாஸ்தின்னு சாப்பாட்டு மேல பழியைப் போட்டியாம். அப்ப மட்டும் உப்புக்கு ஒரு படம் போடத் தோணலையா உனக்கு?

யாரு சொன்னாங்களா? அவங்கதான் சொன்னாங்க. போன்ல. போன் பேசக் கூடாதுன்னு நீ கோடு போடலையே.

இப்பக் கேட்டுக்க. நான் என்னைக்காவது நானா இங்க வந்திருக்கேனா? கடையில காலையிலேர்ந்து நிக்கறவ, நடுவுல வேலையை விட்டுட்டு வெட்டியா மாமியாரைப் பாத்துட்டு வரலாம்னு வருவேனா? அவங்க கூப்பிடுவாங்க. தலை சுத்துது, கொஞ்சம் வர்றியான்னு கேப்பாங்க. குரலைக் கேட்டாலே தெரியும் எனக்கு. முதலாளிகிட்டப் பல்லைக் காமிச்சு பர்மிஷன் வாங்கிட்டு ஓடி வருவேன். கொஞ்சமா சுத்தினா கொஞ்ச நேரம் இருப்பேன், ரொம்ப சுத்தினா நீ வர்ற வரைக்கும் இருப்பேன். நான் வந்ததால ஏறல. ஏறினதால நான் வந்தேன். உன் கோடு சரி, நம்பர் சரி, பாயிண்ட் எட்டும் சரி. எது முன்னாடி எது பின்னாடின்னு மட்டும் உனக்குத் தெரியல. தீயணைக்கறவன் வந்த இடத்துல எல்லாம் நெருப்பு எரியுதேன்னு அவனைப் புடிச்சு உள்ள போட்டிருக்கே.

தலை சுத்துதுன்னு அவங்க உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா? சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போவே, அங்க வச்சு இவங்களுக்கு ஞாபகம் தப்புதுன்னு சொல்லுவே. ஒரு நாள் கேஸை அணைக்க மறந்துட்டாங்க. இன்னொரு நாள் பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்திருந்தாங்க. ரெண்டு விஷயம், ரெண்டே ரெண்டு. அதுலயும் ஒரு கோடு போட்டுட்டே நீ. ரெண்டு புள்ளியை வச்சுக்கிட்டு யாரு வேணும்னாலும் கோடு போடலாம், அதுக்குப் படிப்பு எதுக்கு? பஸ் ஸ்டாப்புல அவங்க வழி தெரியாம உக்காரல. என் கடைக்கு வந்துக்கிட்டிருந்தாங்க, பாதியில கால் வலிச்சுது. கேட்டியா அவங்களை? கேக்கலை. அன்னைலேர்ந்து, உன் பொண்டாட்டிக்குப் பகல் டியூட்டி விழற நாள்ல எல்லாம், முன் கதவுல ஒரு பூட்டு, பின் கதவுல ஒரு பூட்டு.

உள்ள அவங்களை வச்சு.

ஆமா, எனக்குத் தெரியும் பூட்டியிருந்துதுன்னு. நான்தானே சாவி போட்டுத் திறந்து உள்ள வந்தேன். என்ன அத்தை வெளிய பூட்டியிருக்குன்னு கேட்டேன் ஒரு நாள். நான்தான் பூட்டிட்டுப் போகச் சொன்னேன், தனியா இருக்கப் பயமா இருக்குன்னாங்க. நம்பிட்டேன். பெத்த புள்ளை என்னைப் பூட்டி வைக்கறான்னு மருமககிட்ட எப்படிச் சொல்றது? மானமா இருந்திருக்கு. இன்னைக்குத்தான் வாயைத் திறந்தாங்க. நீ கிளம்பறப்ப சாவி ரெண்டு சுத்து சுத்துமாம். அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சுக்கு நடுவுல யாரோ ஈரத் துணியைப் பிழியற மாதிரி இருக்குமாம். அதுக்கப்புறம் ஜன்னல் ஜன்னலா நடப்பாங்களாம். அவங்க தீ வச்சுடுவாங்களோன்னு உனக்குப் பயம். தீப்பிடிச்சா எப்படி வெளிய போறதுன்னு அவங்களுக்குப் பயம். சாயங்காலம் நீ வந்து பூட்டைத் திறந்து, ஷூவைக் கழட்டி, கையை நீட்டும்மா பிரஷர் பாக்கலாம்னு உக்காருவே. அப்புறம் அண்ணி வந்தாங்களா, எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு கேப்பே. நான் எப்ப வந்தேன் எப்பப் போனேன்னு எல்லாம் கேட்டவன், நீ எவ்வளவு நேரம் பூட்டி வச்சேங்கறதுக்கும் அந்தப் படத்துல ஒரு இடம் விட்டிருக்கலாமில்ல?

மூணாவதா ஒண்ணு பின்னாடி நிக்கும்னு போர்டுல எழுதினியே. போர்டுக்கு முன்னாடி சாக்பீஸோட நின்னுக்கிட்டிருந்தது யாரு?

அழாதே. எனக்கு அதெல்லாம் இப்பப் பாக்கப் பொறுமை இல்ல. பாதுகாப்புக்குத்தான் பண்ணேன் அண்ணின்னு சொல்லப் போறே, தெரியும். உன்னை நம்பறேன். பாதுகாப்புக்குத்தான் பண்ணே. அதனாலதான் எனக்கு இன்னும் ஆத்திரமா வருது. கெட்டவனா இருந்திருந்தா அவங்க எப்பவோ கத்திக் கூப்பாடு போட்டிருப்பாங்க.

நானா? நான் எதையும் உடைக்கல. ஆசாரியையும் கூட்டிக்கிட்டு வரல, ஜன்னலும் ஏறிக் குதிக்கல, இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க குதிக்கறது? மத்தியானம் கடையில நின்னுக்கிட்டிருக்கேன், கூட்டமான கூட்டம். கவுண்டர் மேல டக்னு ஏதோ வச்ச சத்தம். நிமிந்து பாத்தா உங்கம்மா. நல்ல துணி கட்டிக்கிட்டு, தலை வாரி, கையெல்லாம் கிரீஸ். முன்னாடி மூணு இரும்பு ஆணி, இந்த நீளத்துக்கு. என்ன அத்தை இதுன்னேன். நம்ம வீட்டுப் பின் கதவுக் கீலோட ஆணிங்கறாங்க. பூட்டு வெளிய இருந்தா என்ன, கீல் உள்ளதானே இருக்குதுங்கறாங்க. தையல் மெஷினை எத்தனை தடவை கழட்டி மாட்டின கை அது. எண்ணெய் விட்டு, ஊற வச்சு, ஸ்க்ரூ டிரைவரை அடியில குடுத்துத் தட்டித் தட்டி ஒவ்வொண்ணா மேல எடுத்திருக்காங்க. அப்புறம் கதவை இழுத்து சுவத்துல சாச்சு வச்சுட்டு, நடந்து வந்திருக்காங்க. வழியெல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கு. கால் வலிச்ச இடத்துல உக்காந்து உக்காந்து வந்தாங்களாம்.

போய்ப் பாரு, அந்தக் கதவு அங்கதான் சாஞ்சு கிடக்கு. அது வழியாத்தான் நான் வந்தேன். வீடு திறந்து கிடக்குது, அவன் வர்ற வரைக்கும் நீ போய்க் காவல் இருன்னு அவங்கதான் என்னை அனுப்பினாங்க. அதுலயும் உன் வீட்டைப் பத்தித்தான் கவலை.

என் வீட்லதான் இருக்காங்க, வேற எங்க. இரு, என்னோட கிளம்பாதே. கதவு இல்லாம எப்படி வீட்டை விட்டுட்டு வருவே, திறந்து போட்ட வீட்ல யாரு வேணும்னாலும் வருவாங்களே. முதல்ல கதவை மாட்டு.

ஆணியா? அது என்கிட்ட இல்ல. கவுண்டர்லேர்ந்து எடுத்துத் துடைச்சு, கைப்பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டாங்க. உனக்கு வேணும்னா வந்து கேளு. குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்.